தோலும் ஞாயிறும்

நம் உடலுறுப்புக்களுள் மிகப் பெரியது எது என வினவினால், குடர் என்பார் சிலர். ஈரல் என்பார் சிலர். தோல் என்று விடையிறுப்போர் அரியர். கண்ணையும் செவியையும் உறுப்பென்று எண்ணுகின்ற நாம், அவையெல்லாவற்றையும் போர்த்திருப்பதை உறுப்பென்று எண்ணுவதில்லை. வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்துப் பரப்பினால் அஃது ஏறக்குறைய 1½ முதல் 2 சதுர மீட்டர் இடங்கொள்ளும். பெரணமல்லூரில் நெய்யும் பட்டுச்சேலை ஒன்றில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைந்த அளவென்று கூறலாம். அடியிலுள்ள கொழுப்புப் படலத்தோடு சேர்த்து நிறுத்தால், உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இத்தோலே ஆகும்.

நம் முன்னோர் இதன் பெருமையை அறியாதவரல்லர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தபோது, தொட்டு உணரும் அறிவையே முதலாவதாக வைத்தார். கண்ணில்லாத உயிர் உண்டு. செவியில்லாத உயிர் உண்டு. ஊற்றுணர்ச்சி இல்லாத உயிரில்லை என்பது அவ்வகுப்பின் உட்கிடை. அவ்வுணர்ச்சிக்குரிய தோல் உடம்பை எவ்வாறு காக்கின்றது, ஞாயிற்றின் ஒளி தன்மேற் படுங்கால் யாது செய்கின்றது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். பட்டு நெய்வோர் வாழும் ஓர் ஊரை உதாரணமாகக் கொள்வது இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பொருந்தும். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

தோலின் அமைப்பு

தோல் ஒரே படலமன்று. மேற்றோல், உட்டோல் என அஃது இருவகைப்படும். மேற்றோல் மிக மெல்லியது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கே. கண்ணிமையில் அதனினும் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஒரு மில்லிமீட்டரை எட்டியும் கடந்தும் தடித்திருக்கும். இம்மெல்லிய படலத்தின் அடிவரிசையில் உயிரணுக்கள் இடையறாது பிறந்துகொண்டே இருக்கின்றன. பிறந்தவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. செல்லும் வழியில் அவை கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, உயிர்நீத்து, மேற்பரப்பை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. இப்பயணத்திற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்லும். எனவே, நாம் கண்ணாடியிற் காணும் மேனி முழுவதும் உயிரற்ற அணுக்களாலாகிய ஒரு கவசமே. நாள்தோறும் தேய்வதும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதும் ஆகிய கவசம் வேறெங்கும் இல்லை.

அவ்வுயிரற்ற அணுக்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையே சுண்ணாம்புச் சாந்து பூசியதுபோல் ஒருவகைக் கொழுப்பு நிறைந்துள்ளது. இச்சுவர் இருமுகமாகக் காவல் செய்கின்றது. வெளியிலுள்ள நீரும் கிருமியும் உள்ளே புகாதபடி தடுப்பது ஒரு முகம். உள்ளேயுள்ள நீர் வெளியே ஆவியாகிப் போகாதபடி தடுப்பது மற்றொரு முகம். இவ்விரண்டில் பின்னதே பெரிது. தீயினால் உடலின் பெரும்பகுதி வெந்தவர் உயிருக்குப் போராடுவதற்கு முதற் காரணம், சுவரிடிந்த உடம்பிலிருந்து நீர் ஓயாது வெளியேறுவதேயாம். இடிந்த வழியே கிருமி புகுவது இரண்டாவது காரணம். இவையன்றித் தோலின் மேற்பரப்பு சிறிது புளிப்புத் தன்மையுடையதாயிருப்பதால், நோய்க் கிருமிகள் பல அங்கே தழைப்பதில்லை.

சுவரைக் கடந்துவிட்ட பகையை எதிர்கொள்ளக் காவலரும் உளர். மேற்றோலில் கிளைகிளையாக நீண்ட கைகளையுடைய சில அணுக்களை 1868-ம் ஆண்டில் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் கண்டறிந்தார். அப்பொழுது அவர் மருத்துவ மாணாக்கர். வயது இருபத்தொன்றைக் கடந்தவரல்லர். அவற்றை நரம்பணுக்கள் என்றே அவர் கருதினார். அவை அந்நியப் பொருளைப் பிடித்துக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று, உடலின் எதிர்ப்புச் சேனைக்கு அடையாளங் காட்டும் ஒற்றர்கள் என்பது பிற்காலத்தே தெரியவந்தது. நம்மையொத்த மாணாக்கர் ஒருவர் கண்ட பொருளுக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகின்றது.

வெப்பமும் வலியும்

உட்டோலில் இரத்தக் குழாய்களும், வேர்வைச் சுரப்பிகளும், நரம்பு முனைகளும், மயிர்க்கால்களும் உள்ளன. வேர்வைச் சுரப்பிகள் மட்டும் 20 முதல் 40 இலட்சம் வரை இருக்கும் என்பர். சித்திரை வைகாசியில் வடஆர்க்காட்டுப் பகுதியில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாட்கள் உண்டு. அந்நாட்களிற் காற்று நம் தோலைக் காட்டிலும் சூடாயிருப்பதால், உடம்பின் வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளாது. மாறாகத் தன் வெப்பத்தை நமக்குத் தரும். அப்பொழுது உயிரைக் காப்பது வேர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகின்றது. துடைத்தெறிந்த வேர்வையால் இப்பயன் இல்லை. ஆவியாகிய வேர்வையே குளிர்விக்கும். மண்பானை நீரைக் குளிரச் செய்யும் முறையும் இதுவே.

இனி, ஊற்றுணர்ச்சியின் பயனை நோக்குவோம். மிளகாய் அரைத்த கை ஏன் எரிகின்றது? கையிலே நெருப்பில்லை, ஆயினும் நெருப்புப் பட்டதுபோலவே உணர்கின்றோம். ஏறக்குறைய 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை அறிவிக்கும் ஒரு வாயில் நரம்பு முனையில் இருக்கின்றது. மிளகாயின் காரப்பொருளும் அதே வாயிலைத் திறந்துவிடுகின்றது. இதனைக் கண்டவர் டேவிட் ஜூலியஸ். அழுத்தத்தை உணரும் வாயில்களைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியானுடன் அவர் 2021-ம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார்.

வலி என்பது துன்பமன்று, அது காவல் என்பதை உலகிற்கு உணர்த்திய ஊர் நமக்கு அண்மையிலுள்ள வேலூர். தொழுநோயாளரின் விரல்களை அந்நோயே தின்றுவிடுகிறதென்று நெடுங்காலம் மக்கள் நம்பிவந்தனர். 1946-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், அந்நோயாளரின் கைகளை நுணுகி ஆராய்ந்து, உண்மை வேறென்று காட்டினார். நோய் நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டதால் தோல் வலியறியாது போகின்றது. வலியறியாத கை சூடான பாத்திரத்தைப் பற்றியும், கூரிய பொருளை அழுத்தியும், புண்ணைப் புண்ணென்று கருதாமல் வேலை செய்தும் நாளடைவில் தானே அழிகின்றது. ஆகவே, அழிவுக்குக் காரணம் காவற்காரன் உறங்கியதேயன்றிப் பகைவனின் பற்களன்று. வேலூருக்கருகில் கரிகிரியில் 1955-ம் ஆண்டு முதல் நடைபெறும் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இவ்வுண்மையைத் தழுவிப் பல்லாயிரவருக்கு வாழ்வளித்துள்ளது. இன்று அந்நோய் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகக் கூடியது. குணமான பின்னும் அவர்களை ஒதுக்குவது அறியாமையன்றி வேறில்லை.

ஒளியின் கூறுகள்

இதுகாறும் தோலின் பொதுக் காவலைக் கண்டோம். இனி ஞாயிற்றினிடம் அது நடந்துகொள்ளும் முறையைக் காண்போம்.

ஞாயிற்றொளி ஏழு நிறங்களோடு முடிவதன்று. 1801-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் என்பவர், ஊதா நிறத்திற்கு அப்பாலுள்ள இருண்ட இடத்தில் வெள்ளி உப்பை வைத்தபோது, அது மற்றெவ்விடத்தையும்விட விரைவிற் கறுத்தது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வொளியே புறஊதாக் கதிர். அலைநீளத்தைக் கொண்டு அதனை மூன்றாகப் பகுப்பர். 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ளது முதல் வகை. 280 முதல் 320 வரையுள்ளது இரண்டாம் வகை. அதனினும் குறுகியது மூன்றாம் வகை. மூன்றாம் வகை மிகக் கொடியது; ஆனால் அது முழுவதையும் வானின் மேலுள்ள ஓசோன் படலம் தடுத்துவிடுகின்றது. இரண்டாம் வகையிலும் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். நிலத்தை வந்தடையும் புறஊதாக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு முதல் வகையே. அண்டார்ட்டிகாவின் மேல் அவ்வோசோன் படலம் மெலிந்து வருவதை 1985-ம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 1987-ம் ஆண்டில் மான்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஒன்றுகூடி, அதனைக் கெடுக்கும் வாயுக்களை விலக்க உடன்பட்டன. நிலவுலகத்திற்கும் ஒரு மேற்றோல் உண்டென்பதையும், அதனைக் காப்பது மக்கள் கையிலுள்ளதென்பதையும் இதனால் அறியலாம்.

பட்டும் தோலும்

பெரணமல்லூரைக் குறிப்பிட்டதன் பொருத்தம் இங்கே விளங்கும். ஆரணிப் பட்டின் பெயரைத் தாங்கிய ஊர்களுள் அதுவும் ஒன்று. சாயமேற்றிய பட்டை வெயிலில் உலர்த்தலாகாது, நிழலிலேயே உலர்த்த வேண்டும் என்பது பட்டுடன் பழகியோர் யாவரும் அறிந்தது. வெயிலிற் கிடந்த பட்டு சாயம் வெளுக்கும். சாயமேற்றாத வெண்பட்டோ மஞ்சளித்து வலுவிழக்கும். காரணம் யாது? பட்டு ஒரு புரதம். அதன் கூறுகளில் டைரோசின் என்பது ஒன்று. டைரோசின் முதலிய சில கூறுகளைப் புறஊதாக் கதிர் தாக்கிச் சிதைப்பதே அம்மஞ்சள் நிறத்திற்கு ஏதுவாகும்.

வியப்பு என்னவெனின், நம் தோலுக்குக் கருநிறந் தரும் மெலனின் என்னும் பொருளும் அதே டைரோசினிலிருந்து ஆக்கப்படுவதாகும். உயிரற்ற பட்டிலே எது கேட்டிற்குக் காரணமாயிற்றோ, உயிருள்ள தோலிலே அதுவே காவலுக்குக் கருவியாகின்றது. பட்டு வெயிலைத் தாங்கிக்கொண்டு கெடுகின்றது; தோல் வெயிலுக்கு மறுமொழி கூறுகின்றது.

அம்மறுமொழி எவ்வாறு எழுகின்றது? மேற்றோலின் அடிவரிசையில், ஏறக்குறைய பத்து அணுக்களுக்கு ஒன்றாக, மெலனின் ஆக்கும் அணுக்கள் அமர்ந்துள்ளன. அவை சிறு சிறு பொதிகளில் மெலனினை நிரப்பித் தம் நீண்ட கிளைகளின் வழியே அயலணுக்களுக்கு வழங்குகின்றன. ஓரணு ஏறக்குறைய முப்பத்தாறு அயலணுக்களுக்குப் படியளக்கின்றது. பெற்றுக்கொண்ட அணு அப்பொதிகளை எங்கே வைக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அணுவின் நடுவே அதன் உயிர்நாடியாகிய உட்கரு உள்ளது; பரம்பரைக் குறிப்புக்கள் யாவும் அதனுள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. மெலனின் பொதிகள் அவ்வுட்கருவின் மேற்புறத்தில், அதாவது ஞாயிறு நோக்கிய புறத்தில், குவிந்து நிற்கின்றன. வயலில் நாற்று நடுவோர் தலையில் முண்டாசு கட்டுவதுபோல், ஒவ்வோர் அணுவும் தன் உட்கருவிற்கு ஒரு குடை பிடித்துக்கொள்கின்றது!

குடையையும் கடந்து கதிர் உட்புகுமாயின், பரம்பரை எழுத்துக்களில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஒன்றோடொன்று தவறாக ஒட்டிக்கொள்கின்றன. உடனே பழுது பார்க்கும் புரதங்கள் வந்து, பிழைபட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாக எழுதி இணைக்கின்றன. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை கண்டவிடத்துச் சுரண்டித் திருத்துவதை இஃது ஒக்கும். இவ்வேலையின் நுட்பத்தை விளக்கியமைக்காக அஸீஸ் சன்ஜார் என்னும் துருக்கிய அறிஞர் 2015-ம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். பிறப்பிலேயே இப்பழுது பார்க்கும் ஆற்றல் குன்றிய குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சிறிதளவு வெயிலும் தோலிற் புற்றுநோய் தரும். மெலனின் இல்லாமற் பிறந்தோரும் வெப்ப நாடுகளில் அத்தகைய இடருக்கு உள்ளாகின்றனர். அவர்களை வெயிலிலிருந்து காப்பது சுற்றத்தாரின் கடமை.

பழுது மிகுதியாயின், அணுவினுள்ளே அதனைக் கண்காணிக்கும் ஒரு புரதம் இரண்டு கட்டளைகளை இடுகின்றது. திருத்த முடியாத அணு தானே மாய்ந்துபோதல் வேண்டும் என்பது ஒன்று. கடும் வெயிலிற் சென்று வந்த சில நாட்களில் தோல் உரிவதன் பொருள் இதுவே. இன்னும் மெலனின் வேண்டும் என்று ஆக்கும் அணுக்களுக்குத் தூது விடுதல் மற்றொன்று. அத்தூதின் பயனாக இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் மேனி கறுக்கின்றது. வெயிலிற் சென்ற அன்றே தோன்றும் கறுப்பு வேறு. அது முன்பிருந்த மெலனின் நிறம் மாறுவதனால் வருவது. அதனாற் பெருங்காவல் இல்லை. ஆகவே மேனி கறுத்தல் என்பது வெயிலால் விளைந்த அழுக்கன்று. ஊறு நேர்ந்ததை உணர்ந்த உடல் எடுத்துக்கொண்ட கேடயம்.

வெயிலால் வரும் நன்மை

இங்ஙனமாயின் ஞாயிற்றை அறவே விலக்கிவிடலாமே என்று ஒருவர் கருதலாம். அது பெரும் பிழையாகும். தோலில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் இருக்கின்றது. மேலே கூறிய இரண்டாம் வகைக் கதிர் அதன்மேற் படும்போது, அது 'டி' உயிர்ச்சத்தாக மாறத் தொடங்குகின்றது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடர் ஏற்றுக்கொள்வதற்கு இவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. இது குறைந்தால் குழந்தைகளின் எலும்பு மென்மையாகிக் கால் வளையும். முதியோரின் எலும்பு நொய்ந்து எளிதில் முறியும். உடல்வலியும் தசைச் சோர்வும் உண்டாகும். 1919-ம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, கால் வளைந்த குழந்தைகளைப் புறஊதா விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்த வின்டௌஸ் என்னும் வேதியியல் அறிஞர் 1928-ம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார்.

ஞாயிறு காயும் நம் நாட்டில் இக்குறை எங்ஙனம் உண்டாகும் என்று ஐயுறலாம். பெரணமல்லூருக்கு வடக்கே, அதனையொத்த வெயிலுடைய திருப்பதியில் நடந்த ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. 2007-ம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியில், நகரத்தாரிடையே இவ்வுயிர்ச்சத்துக் குறைபாடு மிகுந்திருந்தது; வயலில் உழைக்கும் கிராமத்தாரின் நிலை அவர்களினும் மேலாயிருந்தும், அவர்களுள்ளும் பலருக்குப் போதிய அளவு இல்லை. உணவிற் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தது. வெயில் ஊரிற் காய்ந்தாற் போதாது. மேனியிற் காய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

நெசவாளரின் நாளை எண்ணிப் பார்ப்போம். தெருவிலே பாவு விரித்து நீவும் காலைப்பொழுது நீங்கலாக, மற்றைப் பொழுதெல்லாம் கூரையின் கீழே கழிகின்றது. குழித்தறியிற் காலை இறக்கி அமர்ந்தவர் பொழுது சாய்ந்த பின்னரே எழுகின்றார். பெண்டிர் வீட்டினுள்ளே தார் சுற்றுவதும் நூல் இழைப்பதுமாக இருக்கின்றனர். சன்னலின் கண்ணாடி வழியே வரும் வெயிலாற் பயனில்லை. கண்ணாடி இரண்டாம் வகைக் கதிரைத் தடுத்துவிடும். நாட்டுக்கெல்லாம் ஒளி வீசும் பட்டை நெய்வோர், தாம் ஒளி பெறாமலிருப்பது எண்ணத்தக்க செய்தியன்றோ? முதுகுவலியும் முழங்கால் வலியும் தறியின் குற்றம் என்றே அவர்கள் கொள்வர். குனிந்த இருப்பு ஒரு காரணமாதல் மெய்யே. ஆயினும் மேனியறியாத வெயிலும் உடன் காரணமாயிருக்கலாகும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

காலை இளவெயிலே இதற்கு உகந்தது என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. அது முற்றிலும் சரியன்று. ஞாயிறு தாழ்ந்திருக்கும்போது அதன் கதிர் சாய்வாக வருதலால், வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடக்க நேர்கின்றது. வரும் வழியிலேயே இரண்டாம் வகைக் கதிர் ஓசோனால் உறிஞ்சப்பட்டுவிடுகின்றது. திருப்பதியில் இதே பொருளைக் கண்ணாடிக் குழலிற் போல ஒளிபுகும் கலங்களில் இட்டு வெயிலில் வைத்துச் சோதித்தபோது, ஆண்டு முழுவதும் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலேயே அது மிகுதியாக மாறியது என 2013-ம் ஆண்டில் வெளியிட்டனர். கருவியொன்றும் இல்லாமல் இதனை அறிய எளிய வழியுண்டு. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே உயிர்ச்சத்து விளையும் வேளை. பெரணமல்லூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 12½ பாகையில் இருப்பதால், சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே வந்து, நிழல் காலடியில் ஒடுங்கும். மார்கழியிற்கூட நண்பகல் நிழல் ஆளின் உயரத்தில் முக்காற் பங்கே இருக்கும். ஐரோப்பாவின் வடபாகத்தார் குளிர்காலத்திற் பல மாதங்கள் பெறாத இந்நன்மை, நமக்கு ஆண்டு முழுவதும் வாயிலில் வந்து நிற்கின்றது.

உச்சி வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டுமோ எனின், வேண்டா. தோல் எரிவதற்கு முன்னரே நிழலுக்குத் திரும்பிவிடல் வேண்டும். கையும் காலும் முதுகும் வெயில்படச் சிறிது நேரம் நிற்பதும், அதனை வாரத்திற் பலமுறை செய்வதும் போதும். மேலும், ஓரளவுக்கு மேல் வெயில் பட்டால், தோல் தான் ஆக்கிய பொருளைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றது. ஆதலால் வெயிலால் இவ்வுயிர்ச்சத்து நஞ்சாகும் அளவுக்குப் பெருகுவதில்லை. மருந்துக்கடையில் வாங்கி அளவின்றி உண்போருக்கே அவ்விடர் உண்டு. வெயிலோடு கேழ்வரகு, கீரை, பால், முட்டை, மீன் ஆகியவற்றையும் இயன்றவரை சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

நிறமும் மதிப்பும்

கருமேனியில் மெலனின் மிகுதி; ஆதலால் அதே அளவு உயிர்ச்சத்தை ஆக்கக் கருமேனிக்கு வெண்மேனியினும் நெடுநேரம் வேண்டும். அங்ஙனமாயின் கருமை நமக்குக் குறையோ? அன்று. வெப்ப நாடுகளில் கடுங்கதிரிலிருந்து தோலையும், இரத்தத்திலுள்ள ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தையும் காப்பதற்காகவே கருமை நிலைபெற்றது என்று நினா ஜப்லான்ஸ்கி முதலிய அறிஞர் 2000-ம் ஆண்டில் எடுத்துரைத்தனர். கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டு செவ்வனே அமைவதற்கு ஃபோலேட் இன்றியமையாதது. வெயில் மிகுந்த நாட்டில் கருமையும், வெயில் குறைந்த நாட்டில் வெண்மையும் அவ்வந்நாட்டிற்கு ஏற்ற ஆடைகளேயாம். வெண்ணிற மக்கள் குடியேறிய ஆஸ்திரேலியாவில் தோற்புற்று மிகுந்திருப்பதும், நம் நாட்டில் அஃது அரிதாயிருப்பதும் இதற்குச் சான்றாகும்.

மெலனின் ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பொதிகளின் பருமனிலும் பரவலிலுமே வேறுபாடு. 2005-ம் ஆண்டில் ஒரு சிறு மீனின் நிறத்தை ஆராய்ந்தோர், மக்கள் நிறத்தையும் மாற்றும் ஒரு பரம்பரைக் கூற்றைக் கண்டனர். அதில் ஒரே ஓரெழுத்து மாறினால் மேனி வெளிறுகின்றது. ஹைதராபாத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தாரும் எஸ்டோனியா நாட்டு அறிஞரும் கூடி 2013-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அம்மாற்றம் இந்திய மக்களிடையேயும் பரவியுள்ளதென்றும், ஐரோப்பியரும் இந்தியரும் அதனை ஒரே மூதாதையிடமிருந்து பெற்றனரென்றும் காட்டினர். ஓரெழுத்தால் பொருள் மாறும் சொற்களைத் தமிழ் கற்போர் அறிவர். ஆனால் ஓரெழுத்தால் மக்கள் மதிப்பு மாறுவதென்பது எந்த இலக்கணத்திலும் இல்லை.

ஆயினும் நம் வீடுகளில் நடப்பது வேறு. பெண் கறுப்பென்று திருமணம் தட்டிப்போகின்றது. குழந்தை பிறந்தவுடன் நலம் வினவுமுன் நிறம் வினவுகின்றனர். வெயிலிற் போகாதே, கறுத்துவிடுவாய் என்று பெண்மக்களை உள்ளேயே வைக்கின்றனர். நிறத்தின் பொருட்டு எலும்பை இழக்கச் செய்வது எத்தகைய வாணிகம்! இன்னும் சிலர் மேனியை வெளுக்கச் செய்யும் களிம்புகளை நாடுகின்றனர். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. பாதரசம் டைரோசினை மெலனினாக மாற்றும் நொதியைத் தடுக்கும். ஆதலால் மேனி வெளிறுவது மெய்யே. ஆனால் அதே பாதரசம் தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-ம் ஆண்டில், இத்தகைய களிம்பு பூசியோர் சிலர் சிறுநீரக நோயுற்றதை மருத்துவர் கண்டறிந்தனர். கவசத்தைக் கழற்றுவதற்கு விலை கொடுத்து, அதனோடு நோயையும் வாங்கியதாக முடிந்தது.

நம் பழைய புலவர் இவ்வாறு எண்ணினாரல்லர். முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்று கருநிறத்தாற் பெயரிட்டது தொல்காப்பியம். அகத்திணை நூல்களில் தலைவியின் அழகுக்குரிய நிறம் மாமை. மாந்தளிர் போன்ற கருஞ்சாயல் அது. தலைவன் பிரிந்தபோது அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதையே பசலை என்றனர். அது நோயின் அடையாளமாகக் கருதப்பட்டது. வெளிறியதை நோயென்றும் மாநிறத்தை நலமென்றும் கொண்ட மரபில் வந்த நாம், நலத்தை நோயென்று கொண்டு, நோயை விலை கொடுத்து வாங்கப் புறப்பட்டிருக்கின்றோம்.

ஆகவே, செய்யத்தக்கவை சிலவே. வெயிலைப் பகையென்று வெறுக்காமலும், அளவின்றி அதில் வேகாமலும் இருத்தல் வேண்டும். நாள் முழுவதும் கூரையின் கீழே உழைப்போர், நண்பகலுணவு முடிந்ததும் சிறிது நேரம் வெளியில் நிற்பதற்கு இடம் தரல் வேண்டும். இது நெசவாளருக்கும், நூல் நிலையத்திலேயே பகலைக் கழிக்கும் மாணாக்கருக்கும் ஒக்கும். மச்சம் வடிவோ நிறமோ மாறினாலும், புண் நெடுநாள் ஆறாதிருந்தாலும், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டுத் தோன்றினாலும், நாணாமல் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவருடைய மேனியைக் கண்டு அவரை அளக்கும் வழக்கத்தை நம் நாவினின்றும் வீட்டினின்றும் நீக்குதல் வேண்டும். பட்டைக் காக்க நிழலைத் தேடும் நாம், பட்டினும் அரிய இத்தோலைக் காக்க அறிவைத் தேடுவோமாக.